அனகி அடுப்பு: விறகு மிச்சம் சரி, புகை எங்கே போகிறது?

இலங்கை மலைநாட்டில் ஹட்டன், நாவலப்பிட்டி, பண்டாரவளை என்று எந்த டவுனுக்குப் போனாலும் சட்டி பானை விற்கிற கடையில் அனகி என்ற இந்த இரட்டைக் குழி மண் அடுப்பு கிடைக்கும். விறகும் குறையும், புகையும் குறையும் என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்பார். விறகு குறைவது முழு உண்மை. புகை குறைவது பாதி உண்மைதான், அதுவும் அடுப்பைச் சரியாகப் பதித்து, காய்ந்த விறகை எரித்து, புகைக்கு வெளியே போக வழி செய்தால் மட்டும். இந்த மூன்றும் இல்லாமல் அடுப்பை மட்டும் வாங்கி, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் காம்பராவில் (அறையில்) வைத்தால், குசினியில் நிற்கும் பெண்ணின் நெஞ்சுக்குப் பெரிய நன்மை எதுவும் கிடைக்காது.

அடுப்பின் அமைப்பு எளிமையானது. ஒரே துண்டாகச் சுட்ட களிமண். முன்னால் விறகு வைக்கும் வாய், அதற்கு மேலே முதல் சட்டி உட்காரும் குழி, குழியின் விளிம்பில் சட்டியைத் தாங்கும் மூன்று குமிழ்கள். முதல் குழியிலிருந்து பின்னால் ஒரு சுரங்கம் போய் இரண்டாவது குழியில் முடிகிறது. முதல் சட்டியைச் சுட்டுவிட்டுப் போகும் சூடு வீணாகாமல் இரண்டாவது சட்டிக்குக் கிடைக்கிறது. மூன்று கல் அடுப்பில் காற்று நாலு பக்கமும் அடித்து நெருப்பைக் கலைக்கும், சூட்டில் பெரும் பங்கு சுவருக்கும் கூரைக்கும் போகும். அனகியில் நெருப்பு மூடிய அறைக்குள் நிற்பதால் சூடு கூடுகிறது. சூடு கூடினால் விறகிலிருந்து கிளம்பும் ஆவி முழுமையாக எரிந்து புகை குறைகிறது. நன்றாகப் பூசிய அடுப்பில் காய்ந்த விறகோடு சமைத்தால், மூன்று கல் அடுப்புக்குச் செலவாகும் விறகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். இலங்கையில் 1980களிலேயே உருவாக்கிப் பரப்பப்பட்ட அடுப்பு இது. 2022 ஏப்ரல் கடைசியில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியபோது டவுன் வீடுகளும் இதைத் தேடி வந்தன.

ஆனால் இந்த அடுப்புக்குப் புகைபோக்கி கிடையாது. மிஞ்சுகிற புகை முழுவதும் சமைக்கிற இடத்திலேயேதான் வெளியேறுகிறது. தோட்டத்து லயம் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, ஒட்டினாற்போல ஒரு சின்னக் குசினி, தணிந்த தகரக் கூரை, குளிருக்குப் பயந்து சாத்தியே கிடக்கும் ஜன்னல். விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்கப் போவதற்கு முன் சமையல் முடிய வேண்டும். அந்த நேரத்தில் கைக்குழந்தையும் தாயின் இடுப்பிலோ அடுப்போரத்திலோதான் இருக்கும்.

விறகுப் புகையில் கண்ணை எரிக்கும் பகுதியைவிடக் கண்ணுக்குத் தெரியாத பகுதிதான் ஆபத்து. 2.5 மைக்ரோனுக்குச் சிறிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகின்றன. ஒரு நாளைக்குச் சராசரியாக ஒரு கன மீற்றர் காற்றில் 15 மைக்ரோகிராமுக்கு மேல் இவை இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு அளவுகோல். மூடிய குசினியில் விறகு எரியும்போது இது பல மடங்கு தாண்டிவிடும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நிமோனியா, பெரியவர்களுக்கு நாட்பட்ட மூச்சடைப்பு நோய், மாரடைப்பு, பாரிசவாதம், கண்ணில் வெண்புரை, கர்ப்பிணிகளுக்குப் பிறக்கும் பிள்ளையின் எடைக் குறைவு என்று இதன் பாதிப்பு நீள்கிறது. வீட்டுச் சமையல் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக அந்த நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. சிகரெட்டையே தொடாத பாட்டிக்கு ஆயுசு முழுக்க இருமல் ஏன் என்று கேட்பவர்கள் முதலில் அவர் சமைத்த குசினியைப் பார்க்க வேண்டும்.

மலைநாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. உயரம் கூடக் கூடத் தண்ணீர் கொதிக்கும் சூடு குறையும், 300 மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு பாகை என்ற கணக்கில். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பும் கடலையும் வேக நேரம் எடுப்பதும், கொழும்புக்காரர் சொல்கிற விறகுக் கணக்கு இங்கே பொருந்தாததும் அதனால்தான். பருப்பை முதல் நாள் இரவே ஊறப்போட்டு, மூடி போட்டு வேக வைப்பது புகைக்குள் நிற்கும் நேரத்தைக் கணிசமாகக் குறைக்கும். பிரஷர் குக்கர் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அதன் அடிப்பாகம் முதல் குழியின் குமிழ்களில் ஆடாமல் உட்காருகிறதா என்று பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

கடையில் வாங்கும்போது விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள். நன்றாகச் சுட்ட அடுப்பு கணீரென்று சத்தம் கொடுக்கும். மந்தமாக ஒலித்தால் வேக்காடு போதவில்லை, அல்லது உள்ளே விரிசல் இருக்கிறது. இரண்டு குழிகளுக்கும் நடுவிலுள்ள பாலத்தைக் கட்டாயம் பாருங்கள். முதலில் உடைவது அங்கேதான். வீட்டிலுள்ள சோற்றுச் சட்டியைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்ப்பதும் நல்லது. சட்டிக்கும் குழி விளிம்புக்கும் நடுவே சுற்றிலும் ஒரு சின்ன விரல் போகும் அளவுக்கு இடைவெளி இருந்தால் போதும். அதிகமானால் சூடு தப்பும், ஒன்றுமே இல்லாவிட்டால் நெருப்பு திணறிப் புகையும்.

பலரும் அடுப்பை வாங்கி அப்படியே திண்ணையில் வைத்து எரிக்கிறார்கள். அதனால் இரண்டு நட்டம். சுவர் மெல்லியதாக இருப்பதால் சூடு வெளியே போகிறது, சட்டி இடித்தும் தண்ணீர் தெறித்தும் ஓரிரு வருடத்துக்குள் அடுப்பு வெடித்துவிடுகிறது. மண் பூசித்தான் பதிக்க வேண்டும். புற்றுமண் அல்லது பசையுள்ள களிமண் இரண்டு வாளி, மணல் ஒரு வாளி, நாருக்காக நறுக்கிய வைக்கோல் ஒரு வாளி. மேல்பகுதித் தோட்டங்களில் வைக்கோலுக்கு எங்கே போவது? மானாப் புல்லை விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டால் அதே வேலையைச் செய்யும். கொஞ்சம் சாணியும் சேர்த்து, தண்ணீர் விட்டு மிதித்து, ஒரு இரவு புளிக்க விடுங்கள். மறுநாள் அடுப்பை நனைத்துக்கொண்டு சுற்றிலும் மூன்று அங்குல கனத்துக்குப் பூசுங்கள். விறகு வாயையும் குமிழ்களையும் மண் மறைக்கக் கூடாது. சீமெந்து கலக்கவே வேண்டாம். சூட்டுக்குச் சுட்ட மண் விரியும் அளவும் சீமெந்து விரியும் அளவும் வேறு, முதல் வாரத்திலேயே பிளந்துவிடும். மஸ்கெலியாப் பக்கத்து மழைக்காலத்தில் பூச்சு காய இரண்டு வாரம்கூட ஆகும். பொறுக்காமல் பெருநெருப்பு மூட்டினால் உள்ளே உள்ள ஈரம் ஆவியாகிப் பூச்சைப் பெயர்த்துவிடும். முதல் சில நாட்கள் சுள்ளி நெருப்பு மட்டும் போதும்.

பாவிப்பில் நடக்கும் மிகப் பெரிய தவறு, இரண்டாவது குழியைத் திறந்தபடி விடுவது. காலையில் தேத்தண்ணி மட்டும் போடும்போது பின்குழியில் எதுவும் இருக்காது, சுரங்கம் வழியே வரும் புகை முழுவதும் அதன் வழியாகக் கொட்டும். எப்போதும் அங்கே ஒரு கேத்தலில் தண்ணீராவது இருக்கட்டும். குடிக்கிற தண்ணீரைச் சுட வைக்கவும் அதுவே வழி.

ரொட்டிதான் இந்த அடுப்பின் பலவீனம். சோற்றுச் சட்டிக்கும் கறிச் சட்டிக்கும் செய்த அடுப்பில் அகலமான ரொட்டிக்கல்லை வைத்தால் அது குழியை முழுக்க மூடிவிடும். காற்று ஓடாமல் புகை விறகு வாய் வழியே முகத்துக்கே திரும்பும். மூன்று ஓட்டுத் துண்டுகளைக் குமிழ்களின் மேல் வைத்துக் கல்லை அரை அங்குலம் உயர்த்தினால் நெருப்பு மறுபடி மூச்சு விடும். தினமும் ரொட்டி சுடுகிற லயத்து வீட்டுக்கு இதைச் சொல்லாமல் அடுப்பை விற்பது சரியில்லை.

விறகு வாயை முட்ட அடைப்பதும் இதே விளைவைத்தான் தரும். பெருவிரல் பருமனில் மூன்று நான்கு துண்டு போதும், பாதி வாய் காற்றுக்காகத் திறந்திருக்க வேண்டும். ஊதாங்குழலால் ஓயாமல் ஊத வேண்டியிருந்தால் அடுப்பில் குறையில்லை, விறகு ஈரம் என்று அர்த்தம்.

ஈர விறகுதான் புகையின் தாய். வெட்டிய புதிதில் மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பின் பலம் போய்விடும், மிச்சம் கரும்புகையாக வரும். கவ்வாத்து (தேயிலைச் செடி வெட்டு) முடிந்த மலையில் பொறுக்கும் மிலாறு (வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி) மெல்லியது, சீக்கிரம் காயும், அனகிக்கு மிகவும் தோதானது. கிராண்டிஸ் போன்ற யூகலிப்டஸ் மரத்தைப் பிளந்து, தரையில் படாமல், கூரை இறவாணத்தின் கீழ் இரண்டு மூன்று மாதம் அடுக்கி வைக்க வேண்டும். ஹட்டன், நோர்வூட் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை காய்ந்த காலம், பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அப்போதே அடுக்கிவிட்டால் மழைக்குத் திண்டாட வேண்டியதில்லை. இரண்டு துண்டுகளைத் தட்டினால் 'டொக்' என்று கேட்கும் விறகுதான் காய்ந்த விறகு.

நெருப்புப் பிடிக்கப் பொலித்தீன் பை, ரெஜிபோம் (தெர்மோகோல்), பழைய டியூப் துண்டு போடும் பழக்கத்தை உடனே நிறுத்துங்கள். பிவிசி கலந்த பிளாஸ்டிக் எரிந்தால் டயொக்சின் உண்டாகும், அது உடம்பில் வருடக்கணக்கில் தங்கும் விஷம். வர்ணம் பூசிய பலகையும் மருந்தூட்டிய கம்பமும் அடுப்புக்கு ஆகாது. காய்ந்த சைப்பிரஸ் சுள்ளியே போதும்.

இனிப் புகைக்கு வழி. அடுப்பு வாங்குகிற காசைவிட இதற்குச் செலவு கூடும், ஆனாலும் இங்கேதான் செலவழிக்க வேண்டும். அடுப்புக்கு மேலே, தலை இடிக்காத உயரத்தில், இரண்டு குழிகளையும் விறகு வாயையும் மூடுகிற அகலத்தில் தகரக் கூண்டு ஒன்று அடித்து, அதிலிருந்து ஆறு அங்குலக் குழாயைக் கூரைக்கு மேலே எடுங்கள். குழாய் கூரை முகட்டைவிட இரண்டடி உயர்ந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மலைக்காற்று புகையை உள்ளே திருப்பி அடிக்கும். மழைத் தொப்பி அவசியம். வளைவு வேண்டுமென்றால் சரிவாக வளைக்கலாம், செங்கோணமாக வேண்டாம். மாதத்துக்கு ஒரு தடவை புகைக்கரியைத் தட்டி இறக்க வேண்டும். குழாய் மரச் சட்டத்தைத் தொடக் கூடாது. லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த தீ கூரைக்கடியால் முழு வரிசைக்கும் ஓடும் என்பது எல்லாருக்கும் தெரியும். கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் அதை அறுக்கவே வேண்டாம், அதன் தூசு நுரையீரல் புற்றுநோயைக் கொண்டுவரும். அந்த ஒரு தகட்டை முழுசாகக் கழற்றிவிட்டுத் தகரம் போட்டு, தகரத்தில் துளை இடுங்கள்.

குழாய்க்கு வசதி இல்லாதவர்கள் சுவரின் மேல்பகுதியில், கூரைக்குக் கீழே, எதிரெதிராக இரண்டு துவாரம் விட்டாலும் கொஞ்சம் பயன் உண்டு. இரவில் குளிருக்காக அடுப்புத் தணலைச் சட்டியில் அள்ளி, படுக்கும் காம்பராவில் வைப்பதை மட்டும் எந்த வீட்டிலும் செய்யக் கூடாது. தணலில் புகையும் இல்லை, மணமும் இல்லை. காபனோரொட்சைட்டு என்ற விஷவாயு மட்டும் இருக்கும், தூக்கத்திலேயே உயிரை எடுக்கும்.

இவ்வளவும் செய்தாலும் அனகி காஸுக்கோ கரண்ட் அடுப்புக்கோ ஈடாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் தூய எரிபொருள் வரிசையில் மின்சாரமும் காஸும் பயோகாஸும் இருக்கின்றன, சாதாரண விறகு அடுப்பு இல்லை. வீட்டில் கர்ப்பிணியோ, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையோ, இழுப்பு நோய்க்காரரோ இருந்தால் காலைத் தேத்தண்ணிக்குக் கரண்ட் கேத்தலைப் பாவித்து, சோற்றுக்கும் கறிக்கும் மட்டும் அனகியை மூட்டுங்கள். லயத்தின் பழைய வயர்கள் கேத்தலையும் ரைஸ் குக்கரையும் ஒன்றாகத் தாங்காது, ஒன்று முடிந்த பிறகு மற்றது. மூன்று கல் அடுப்பில் சமைக்கிற குடும்பம் என்றால் தயங்காமல் அனகியை வாங்கலாம். புகைபோக்கி உள்ள நல்ல அடுப்பு ஏற்கனவே இருந்தால் அதை இடித்துவிட்டு இதற்கு மாற வேண்டாம்.