கின்சாவா, சுழல் பட்டையா, சந்துக்குள் எட்டு நாற்காலியா?

டோக்கியோவின் கின்சா பகுதியில் உள்ள ஒரு சுஷி கடையின் காத்திருப்புப் பட்டியலில் 14 மாதங்களாக என் பெயர் இருந்தது. போன டிசம்பரில், இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது என்று தகவல் வந்தது. நன்றி சொல்லி, வேண்டாம் என்று பதில் எழுதிவிட்டேன். அலுவலக நண்பர் ஒருவர், "அந்த இடத்தை எனக்காவது தந்திருக்கலாமே" என்று இன்றுவரை வருத்தப்படுகிறார். அவருக்கு நேரில் சொல்லி விளங்கவைக்க முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

டோக்கியோவில் சுஷி சாப்பிட என் முன்னே இருந்த வழிகள் மூன்று. பட்டையில் தட்டு நகர்ந்து வரும் கைதென் சுஷி ஒன்று. கின்சாவின் பேர்பெற்ற ஒமகாசே கடை, அதாவது என்ன தருவது என்பதைச் சமைப்பவரே முடிவுசெய்யும் கடை, இன்னொன்று. மூன்றாவது, மொன்சென்னகாச்சோவில் ஒரு சந்துக்குள், எட்டே நாற்காலி போட்டு, அக்கம்பக்கத்தார் மட்டுமே வந்துபோகும் ஒமகாசே கடை. மூன்றிலும் சொந்தக் காசைக் கொடுத்துச் சாப்பிட்டிருக்கிறேன். என் மனம் மூன்றாவதன் பக்கம்தான்.

கைதென் சுஷியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1958இல் ஹிகாஷி ஒசாகாவில் ஷிராயிஷி யோஷியாகி என்பவர், பீர் ஆலையில் புட்டிகள் பட்டையில் நகர்வதைப் பார்த்துத் தொடங்கிய முறை அது. சுஷிரோ என்ற கைதென் கடைத்தொடரில் வரியோடு 110 யென்னாக இருந்த தட்டு 2022 அக்டோபரில் 120 யென் ஆனது; அப்போதும் மலிவுதான். தலைக்கு 2,000 யென்னில் வயிறு நிறையும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், மீன் தொடாதவர்களுக்கும் இதைவிட நல்ல இடம் கிடையாது. வெள்ளரிச் சுருள், சோளம், பொரித்த உருளைக்கிழங்கு என்று ஏதாவது அகப்படும். சைவ உணவுக்காரர் ஒமகாசே கடைக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முட்டைப் பணியாரத்தில்கூட மீன் சாறு இருக்கும். சமைப்பவருக்கும் தர்மசங்கடம், சாப்பிடுபவருக்கும் தர்மசங்கடம். கைதென் கடையில் எனக்கு ஒரே குறை சோறு. இயந்திரம் பிடித்துத் தள்ளும் உருண்டை எல்லாருக்கும் ஒரே அளவு, எந்த நாளிலும் ஒரே இறுக்கம்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையேதான்.

சுஷி கடையில் மூன்று விதமாகச் சாப்பிடலாம். கடை வகுத்து வைத்த தொகுப்பை வாங்கினால் ஒகிமாரி. நமக்கு வேண்டியதை ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒகொனோமி. எல்லாவற்றையும் சமைப்பவரிடம் விட்டுவிட்டால் ஒமகாசே. ஒப்படைத்தல் என்று பொருள்படும் மகாசேரு என்ற வினையிலிருந்து வந்த சொல் இது. என் முடிவு முழுக்க இந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான்.

கின்சாவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், எங்கள் திருமண நாளுக்காக, மனைவியோடு போனேன். ஒருவருக்கு 38,000 யென். ஒரு யென் அரை ரூபாய்க்குச் சற்று மேல் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வழுவழுப்பான ஹினோகி மரப்பலகை, ஓசையே இல்லாத அறை, இமைக்கும் நேரத்தில் நிகிரி, அதாவது சோற்று உருண்டைமேல் மீன் துண்டு வைத்த சுஷி, பிடித்து வைக்கும் கை. சூரை மீன் அங்கே சாப்பிட்டதுபோல் நான் வேறெங்கும் சாப்பிட்டதில்லை. வயிற்றுப் பகுதித் துண்டு நாவில் வைத்ததும் கரைந்தது. டொயோசு சந்தையில் நல்ல சூரை முதலில் பணம் இருக்கும் இடத்துக்குத்தான் போகும். 2019 ஜனவரியில், அந்தச் சந்தையின் முதல் புத்தாண்டு ஏலத்தில், 278 கிலோ எடையுள்ள ஒமா ஊர்ச் சூரை 33 கோடியே 36 லட்சம் யென்னுக்கு விலைபோனது. அது பண்டிகை நாள் விலை. அன்றாட விலையாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் நல்ல சூரைக்கு இந்த ஊர் எவ்வளவு ஏங்குகிறது என்பது தெரியும். சூரைக்காக மட்டும் சுஷி சாப்பிடுகிறவர் நீங்கள் என்றால் கின்சாவுக்கே போங்கள். அந்த ஒரு விஷயத்தில் என் சந்துக் கடை தோற்றுவிடும்.

எங்களுக்குக் கிடைத்தது 50 நிமிடம். 19 துண்டுகள் வந்தன. ஒவ்வொன்றையும் வைத்த கணமே எடுத்து உண்ண வேண்டும். அதில் தவறில்லை, சுஷி அப்படித்தான். ஆனால் எங்களைப் பற்றி அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. பக்கத்தில் இருந்தவருக்கு வைத்த அதே துண்டு, அதே அளவில், அதே வரிசையில் எங்களுக்கும் வந்தது. ஒமகாசே என்று பெயர் போட்டிருந்தாலும் அது மிக உயர்ந்த தரத்து ஒகிமாரி. ஒரே ஒருமுறை போனவனின் தீர்ப்பு இது. பல ஆண்டுகளாகப் போய்வரும் வாடிக்கையாளருக்கு அதே கடை வேறு முகம் காட்டலாம். அந்த வாடிக்கையாளராக நான் ஆகவே முடியாது என்பதுதான் என் சிக்கல்.

பேர்பெற்ற கடைகளின் நிலை இதுதான். சுகியபாஷி ஜிரோவை எடுத்துக்கொள்ளுங்கள். கின்சா ரயில் நிலையத்தை ஒட்டிய கட்டடத்தின் நிலத்தடியில், பத்து நாற்காலிகள் போட்ட கடை. 2014இல் ஒபாமாவை அன்றைய பிரதமர் அபே அழைத்துச் சென்றது அங்கேதான். பொதுமக்கள் இடம் பதிவுசெய்ய வழியில்லை என்பதால் 2019 நவம்பரில், உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கும் மிஷ்லின் கையேடு அதைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நான் போனது அந்தக் கடைக்கு இல்லை என்றாலும் கதவு ஏறக்குறைய அதே அளவுக்குத்தான் திறந்திருந்தது.

சந்துக் கடை எனக்கு அரிசியால் கிடைத்தது. நாங்கள் இருப்பது எதொகாவா வட்டத்து நிஷிகசாயில். தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் பகுதி. ஜப்பானிய அரிசி ரசத்துக்குப் பொருந்தாமல் கூழாகிவிடுகிறதே என்று வீட்டில் தினமும் புலம்பல். இங்கே பரவலான கோஷிஹிகாரி ரகம் தனியாகச் சாப்பிட அருமை, பிசைந்தால் பசை. அக்கம்பக்கத்து அரிசிக் கடை முதியவரிடம், ஒட்டாத ரகம் ஏதும் உண்டா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு சசானிஷிகி கொடுத்தார். 1963இல் மியாகி மாகாணத்தில் வந்த ரகம் அது. ஒருகாலத்தில் கோஷிஹிகாரியோடு போட்டி போட்டது. 1993ஆம் ஆண்டின் குளிர்க் கோடையில் பயிர் அடிவாங்கியபின் பல விவசாயிகள் அதைக் கைவிட்டார்கள். அந்த ஆண்டுப் பஞ்சத்தில்தான் ஜப்பான் தாய்லாந்திலிருந்து அரிசி இறக்கியது. "இதை இப்போது கேட்டு வாங்குபவர்கள் சுஷிக்காரர்கள்தான்" என்றார் முதியவர். மொன்சென்னகாச்சோவில் ஒருவருக்கு மாதாமாதம் அனுப்புவதாகச் சொல்லி, தொலைபேசி எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். டோசாய் தடத்தில் எங்கள் நிலையத்திலிருந்து நான்காவது நிறுத்தம்.

கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எட்டு நாற்காலிதான் இருக்கிறது. தைஷோவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. கடைக்காரரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் மனைவி தேநீர் ஊற்றுவார், கணக்குப் பார்ப்பார். மாலை ஆறுக்கு ஒரு பந்தி, எட்டேகாலுக்கு ஒரு பந்தி. பந்திக்குப் பந்தி புதிதாகச் சோறு வடிக்கிறார். ஒருவருக்கு 11,000 யென், பணமாக மட்டும். கின்சாவுக்கு ஒருமுறை ஆகும் செலவில் இங்கே மூன்று முறை போய்வந்த பிறகும் கையில் மிச்சம் இருக்கும்.

முதல் நாள் சோற்றைப் பார்த்துத் திகைத்தேன். லேசான பழுப்பு நிறம். சாக்கே என்ற அரிசி மதுவைப் பிழிந்த சக்கையை ஆண்டுக்கணக்கில் ஊறவைத்து எடுக்கும் சிவப்பு வினிகரின் நிறம் அது. 1804இல் ஹண்டா ஊரில் நகானோ மதாசாயெமோன் சக்கையிலிருந்து வினிகர் எடுக்கத் தொடங்கினார். இன்றைய மிஸ்கான் நிறுவனத்தின் தொடக்கம் அதுவே. எதோ என்று பெயர் கொண்டிருந்த அன்றைய டோக்கியோவில் தெருவோரச் சுஷி பரவியதற்கு அந்த மலிவான வினிகரும் ஒரு காரணம். தைஷோ புது அரிசியோடு பழைய அரிசியைக் கலக்கிறார். புது அரிசியில் ஈரம் அதிகம், வினிகரை உள்ளே வாங்காது என்று விளக்கினார். பழைய அரிசியின் அருமை நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிடித்த உருண்டை உடம்புச் சூட்டில் இருந்தது. வாயில் வைத்ததும் பருக்கை பருக்கையாகப் பிரிந்தது.

இதுவரை சொன்னது கின்சாவிலும் கிடைக்கும். அங்கேயும் சோறு குறை சொல்ல முடியாதது. வேறுபாடு இரண்டாம் முறை போனபோதுதான் தெரிந்தது.

முதல்முறை நான் சில துண்டுகளை ஒரே வாயில் போட முடியாமல் கடித்துத் தின்றேன். சோறு தட்டில் உதிர்ந்தது. ஐந்து வாரம் கழித்துப் போனபோது அப்படி நடக்கவில்லை. பழகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து நாற்காலிப் பெரியவரின் தட்டைப் பார்த்தபிறகுதான் புரிந்தது. அவருடைய உருண்டையைவிட என்னுடையது கால் பங்கு சிறியது. தைஷோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாம் முறை, கொழுப்பு மிகுந்த சூரைத் துண்டில் எனக்கு வசாபி என்ற காரப் பச்சை விழுது கூடுதலாக இருந்தது. கொழுப்பு வசாபியின் காரத்தை அமுக்கிவிடும் என்பதும், முந்தைய இருமுறையும் நான் காரத்தைத் தேடினேன் என்பதும் அவர் கணக்கில் இருந்தன. முதல் குளிர்காலத்தில் ஷிராகோ, அதாவது காட் மீனின் ஆண்சினை, ஒரு கிண்ணத்தில் வந்தது. என்னால் முடியவில்லை. கிண்ணம் பேச்சில்லாமல் உள்ளே போய், வேகவைத்த மட்டி வந்தது. அடுத்த குளிர்காலத்தில் மற்ற ஏழு பேருக்கும் ஷிராகோ, எனக்கு நேராக மட்டி. ஓராண்டு நினைவில் வைத்திருந்தார்.

ஒப்படைப்பது என்றால் இதுதான் என்று எனக்குப் பட்டது. என்னை அறியாதவரிடம் நான் எதை ஒப்படைக்க முடியும்? அவர் தருவதை வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆகவே ஒமகாசே கடையைத் தேர்ந்தெடுக்க நான் இப்போது கேட்கும் முதல் கேள்வி, அடுத்த மாதம் மறுபடி வர முடியுமா என்பது. விலையில் முடியுமா, இடம் கிடைக்குமா, தூரம் தாங்குமா? மூன்றுக்கும் ஆம் என்று வராத கடை எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும் எனக்கு ஒருநாள் விருந்துதான்.

மறுமுறைக்கு மீன் பக்கமும் ஒரு காரணம் உண்டு. கொஹாதா என்ற சிறு வெள்ளி மீனை வைத்துத்தான் டோக்கியோக்காரர்கள் சுஷிக்காரரின் கையை அளக்கிறார்கள். உப்பில் எவ்வளவு நேரம், வினிகரில் எவ்வளவு நேரம் என்பதை அன்றைய மீனின் பருமனும் கொழுப்பும் தீர்மானிக்கும். கோடை நடுவில் அதன் குஞ்சுகள் ஷின்கோ என்ற பெயரில் வரும். விரல் நீளம்தான் இருக்கும், ஒரு நிகிரிக்கு மூன்று நான்கு துண்டுகளை அடுக்க வேண்டும். வளர வளர பெயரும் மாறும், ருசியும் மாறும். ஆகஸ்டில் தின்றவனுக்குத்தான் நவம்பர்க் கொஹாதா என்ன என்று புரியும். ஒருமுறை மட்டும் தின்றால் அது புளித்த மீன், அவ்வளவே. கட்சுவோ மீனும் அப்படித்தான்: வசந்தத்தில் கொழுப்பில்லாமல் வடக்கே போகிறது, இலையுதிர் காலத்தில் கொழுத்துத் திரும்புகிறது. ஒரே கையில் இரண்டையும் சாப்பிடும்போதுதான் ஒப்பிட ஏதாவது கிடைக்கும்.

சந்துக் கடையின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். தைஷோவுக்கு ஜப்பானியம் தவிர வேறு மொழி தெரியாது. என் அரைகுறைப் பேச்சால் சமாளிக்கிறேன், ஒரு வாரச் சுற்றுலா வந்தவருக்கு அது கடினம். இணையப் பதிவு கிடையாது. குழந்தைகளை அழைத்துப்போக இடம் போதாது. ஒருநாள் அனாகோ, அந்தக் கடல் விலாங்கு, சற்றுக் குழைந்துபோய் வந்தது. கின்சாவில் அப்படி நடந்திருக்காது. நான் மது அருந்துவதில்லை, அதனால் சாக்கே வகைகளில் எந்தக் கடை சிறந்தது என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது ஒன்று உண்டு. தைஷோவிடம் தொழில் கற்கும் சீடர் யாரும் இல்லை. அவர் கை ஓய்ந்தால் கடையும் ஓய்ந்துவிடும்.

இப்படி ஒரு கடை தேடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். மதிப்பெண் தளங்களைவிட அரிசிக் கடையிலும் மீன் கடையிலும் கேளுங்கள். யார் எதை வாங்குகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கடை திறப்பதற்கு முன், பிற்பகல் மூன்று நான்கு மணிக்குப் பேசுங்கள்; பந்தி நடக்கும்போது கூப்பிட்டால் அவரால் எடுக்க முடியாது. சாப்பிடாத பொருளை முன்கூட்டியே சொல்லுங்கள். வாசனைத் திரவியம் வேண்டாம். துண்டின்மேல் சோயா ஏற்கெனவே பூசியிருக்கும், மறுபடி தோய்க்க வேண்டாம். கையால் எடுத்துச் சாப்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முதல்முறை அசத்தவில்லை என்றால் இன்னொரு முறை போய்ப் பாருங்கள். கிளம்பும்போதே அடுத்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். போனமுறை அவர் மனைவி சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் புரட்டி, ஜூலை கடைசி வெள்ளிக்கிழமையில் எங்களுக்கு இரண்டு வட்டம் போட்டார். ஷின்கோ அதற்குள் வந்துவிடுமா என்று கேட்டேன். தைஷோ கத்தியைத் துடைத்தபடி, வந்துவிடும், உங்களுக்கு வினிகர் கொஞ்சம் குறைவாக, என்றார்.