கச்சேரி சிடியைக் கணினியில் ஏற்ற: ஃப்ளாக்கா, எம்பி3யா?

சிடியில் 5 நிமிடப் பாட்டு ஏறக்குறைய 53 எம்பி (மெகாபைட்). ஒலியை இழப்பின்றிச் சுருக்கும் ஃப்ளாக் (FLAC) வடிவில் அது பெரும்பாலும் 25 முதல் 35 எம்பிக்குள் அடங்கும். ஒரு துளி ஒலியும் போகாது. 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) எம்பி3யில் 12 எம்பிதான். ஆனால் காதுக்கு எட்டாது என்று கணித்த பகுதிகளை அது வெட்டிவிடும், வெட்டியது திரும்பாது. எம்பி3யை ஃப்ளாக்காக மாற்றினால் கோப்பு பெரிதாகுமே தவிர, தரம் கூடாது.

நல்ல ஹெட்போனிலும் 320ஐ ஃப்ளாக்கிலிருந்து பிரித்தறிவது மிகக் கடினம். வேறுபாடு பின்னால்தான் தெரியும்: எம்பி3யை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது இழப்பின் மேல் இழப்பு சேரும்.

கச்சேரிப் பதிவில் இன்னொரு தொல்லை உண்டு. எம்பி3 கோப்பின் முன்னும் பின்னும் சிறு மௌனம் ஒட்டிக்கொள்ளும். ஆலாபனை முடிந்து கிருதி தொடங்கும் இடத்தில் தம்புராவின் சுருதி ஒரு கணம் அறுபடும். எம்பி3 உருவாக்கும் லேம் (LAME) மென்பொருள் அந்த மௌனத்தின் அளவு பற்றி எழுதும் தகவலைப் படிக்கும் பிளேயர்களில் இது நேராது. பல பழைய கார் ஸ்டீரியோக்களில் நேரும். ஃப்ளாக்கில் அந்த மௌனமே இல்லை.

ஆகவே மூலப்பிரதி ஃப்ளாக்கில், 5ஆம் சுருக்க நிலையில் இருக்கட்டும். 8ஆம் நிலை கொஞ்சம் இடம் மிச்சப்படுத்தும், ஒலி அதேதான். காருக்கும் போனுக்கும் அதிலிருந்து லேமில் வி0 (V0) என்ற உயர்தர அமைப்பில் எம்பி3 எடுத்துக்கொள்ளுங்கள்.