பயோ மேத்ஸா, கம்ப்யூட்டர் சயின்ஸா, ப்யூர் சயின்ஸா? பிளஸ் 1 சேரும் முன் ஓர் அலசல்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் தமிழ்நாட்டு வீடுகளில் எழும் முதல் கேள்வி, பிள்ளையை எந்தக் குரூப்பில் சேர்ப்பது என்பதுதான். மூன்று அறிவியல் குரூப் மாணவர்களுக்கும் இயற்பியல் எடுப்பவன் என்பதால் மூன்றையும் பக்கத்திலிருந்து பார்த்து வருகிறேன். மார்க் அதிகம் வாங்கியவர்களுக்கு பயோ மேத்ஸ், அடுத்தவர்களுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ், மிச்சம் இருப்பவர்களுக்கு ப்யூர் சயின்ஸ் என்று பல பள்ளிகள் வரிசை கட்டி நிறுத்துகின்றன. அந்த வரிசைக்கும் பிள்ளையின் தேவைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ப்யூர் சயின்ஸ் கிடைத்ததற்காக அழும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

ஆறு பாடங்களில் தமிழ், ஆங்கிலம், இயற்பியல், வேதியியல் நான்கும் எல்லோருக்கும் பொது. மாறுவது இரண்டே பாடங்கள். பயோ மேத்ஸில் கணிதமும் உயிரியலும். கம்ப்யூட்டர் சயின்ஸில் கணிதமும் கணினி அறிவியலும். ப்யூர் சயின்ஸில் தாவரவியலும் விலங்கியலும்.

பொறியியலை எடுத்துக்கொள்வோம். அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகள் உட்பட மாநிலக் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. உயிரியல் மார்க்கும் இதில் சேராது, கணினி அறிவியல் மார்க்கும் சேராது. ஜேஇஇ மெயின் தேர்வும் பி.இ., பி.டெக். படிப்புகளுக்கு இதே மூன்று பாடங்களில்தான் நடக்கிறது. ஆகவே கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் கட்டாயம் என்று ஊரில் நிலவும் நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. பயோ மேத்ஸ் படித்த பெண் அதே கல்லூரியில் அதே கிளையில் சேரலாம். பைதான் என்ற நிரல்மொழியை அங்கே முதலிலிருந்துதான் சொல்லித் தருவார்கள்.

அப்படியானால் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் என்ன லாபம்? நேரம். பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைதானும் தரவுத்தளமும் வருகின்றன. ஆர்வமுள்ள பிள்ளைக்கு அது சுமையாகத் தெரிவதில்லை. உயிரியலில் படம் வரைந்து, பெயர்களை மனப்பாடம் செய்யும் நேரம் அப்படியே கணிதத்துக்குப் போகிறது. பிளஸ் 2 கணிதம் இரண்டு தொகுதி, பன்னிரண்டு அத்தியாயம். கட்-ஆஃபில் பாதி அந்த ஒரு பாடம் என்னும்போது இந்த நேரம் மிகப் பெரிய விஷயம். பொறியியல்தான் என்று உறுதியாக இருப்பவர்கள் பயோ மேத்ஸின் பெயருக்காக அதை இழக்க வேண்டாம்.

மருத்துவம் பக்கம் வந்தால் கணக்கு தலைகீழாகிறது. நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் உயிரியலுக்கு மட்டும் 360. இயற்பியலும் வேதியியலும் தலா 180. பயோ மேத்ஸில் தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்து ஒரே பாடம். எழுத்துத் தேர்வில் தலா 35 மதிப்பெண். ப்யூர் சயின்ஸில் அவை இரண்டு தனிப் பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் எழுத்துத் தேர்வு 70, பிராக்டிகல் 20, அகமதிப்பீடு 10. இரண்டுக்கும் தனித்தனிப் பாடவேளை, தனித்தனி ஆய்வகம். நீட்டில் பாதியைத் தூக்கிச் சுமக்கும் பாடத்துக்கு இவ்வளவு இடம் தரும் குரூப்பை மூன்றாம் இடத்தில் வைப்பது எனக்குப் புரியவே இல்லை.

ஆனால் ப்யூர் சயின்ஸில் ஒரு பெரிய குழி இருக்கிறது. அது என் பாடத்திலேயே இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் இயக்கவியல் அத்தியாயம் தொடக்கத்திலேயே வந்துவிடும். வெக்டர், வகையீடு, தொகையீடு மூன்றும் அங்கேயே வேண்டும். கணிதப் புத்தகத்திலோ 2018-இல் வந்த பாடத்திட்டத்தின்படி இவை இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. எனவே பயோ மேத்ஸ் பிள்ளைகளும் ஆரம்பத்தில் திணறுகிறார்கள். அரையாண்டுக்குப் பிறகு கணித வகுப்பு கைகொடுக்க, அவர்கள் எழுந்துவிடுகிறார்கள். ப்யூர் சயின்ஸ் பிள்ளைக்கு அந்தக் கை கடைசி வரை வருவதில்லை. சூத்திரத்தை மனப்பாடம் செய்து பொதுத் தேர்வில் தப்பிக்கலாம். நீட் இயற்பியலில் அது எடுபடாது. தவறான விடைக்கு ஒரு மார்க் வேறு குறையும். உயிரியலில் கொடிகட்டிப் பறக்கும் பிள்ளைகள் இந்த 180-இல் சறுக்கி நிற்பது உண்மையிலேயே வேதனை. ப்யூர் சயின்ஸ் எடுப்பவர்கள் அந்த விடுமுறையிலேயே முக்கோணவியலையும், வகையீடு தொகையீட்டின் அடிப்படையையும் யாரிடமாவது கற்றுக்கொள்ளுங்கள். முழுக் கணிதப் புத்தகமும் தேவையில்லை. இயற்பியல் ஆசிரியரிடமே கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்லித் தருவோம்.

இன்னொன்று: உயிரியல் படித்தால் நீட்டைத் தவிர வேறு வழி இல்லை என்று நினைப்பது தவறு. கால்நடை மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் 2 மதிப்பெண்ணை வைத்தே நிரப்பப்படுகின்றன. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் படிப்புகளுக்கும் அப்படித்தான். பி.ஃபார்ம். (மருந்தியல்) படிக்க உயிரியல் அல்லது கணிதம், எது இருந்தாலும் போதும்.

சரி, பயோ மேத்ஸ் யாருக்கு? எதற்கும் இருக்கட்டும் என்று அதை எடுக்கச் சொல்வதை நான் ஏற்கவில்லை. நான்கு கடினமான பாடங்களை ஒரே நேரத்தில் சுமந்து, நீட்டுக்கும் பொறியியலுக்கும் சேர்த்துத் தயாராகி, இரண்டிலும் பாதியில் நிற்கும் பிள்ளைகள் வருடாவருடம் இருக்கிறார்கள். ஆனால் அடிப்படை அறிவியலில் ஆராய்ச்சி செய்ய ஆசைப்படும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான குரூப் இல்லை. புனே, திருப்பதி போன்ற இடங்களில் உள்ள ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) நிறுவனங்களின் நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் தலா 15 கேள்விகள் வருகின்றன. பயோ மேத்ஸ் பிள்ளை நான்கையும் பள்ளியிலேயே படித்திருப்பார். இந்தத் தேர்வைப் பற்றி நம் ஊர்ப் பள்ளிகளில் போதுமான அளவு பேசுவதே இல்லை.

உண்மையிலேயே முடிவெடுக்க முடியாத பிள்ளை என்ன செய்வது? கணிதத்தை விடாதீர்கள். பி.இ., கட்டடக்கலை, பி.எஸ்சி. கணிதம், பெரும்பாலான கல்லூரிகளில் பி.எஸ்சி. இயற்பியல் எல்லாம் அதைக் கேட்கின்றன. உயிரியலைப் பிறகு சேர்த்துக்கொள்ளவும் ஒரு வழி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் அறிவித்தது. சுலபமான வழி இல்லைதான், ஆனாலும் உண்டு. கணக்கு என்றாலே பயந்து நடுங்கும் பிள்ளைக்கு மட்டும் இந்த யோசனை பொருந்தாது. அவர்களைக் கணிதக் குரூப்பில் தள்ளாதீர்கள்.

விண்ணப்பம் வாங்கும் முன் பதினொன்றாம் வகுப்புப் பாடநூல்களைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். அரசு இணையதளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. கணிதம் முதல் தொகுதி, தாவரவியல், கணினி அறிவியல் மூன்றையும் ஒரு வாரம் புரட்டட்டும். எதை யாரும் சொல்லாமலே மறுபடி எடுத்துப் படிக்கிறார்களோ, அதை வைத்துப் பேச்சைத் தொடங்குங்கள்.