மிரளும் கன்னி நாயும் கன்னடியன் கால்வாய்க் கரையும்: நான்கு ஆண்டு அனுபவம்

மிரண்டு குரைக்கும் நாய்க்கு எந்தக் கழுத்துப்பட்டை வாங்கலாம், எந்தப் பயிற்சியாளரிடம் விடலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் திறந்தவெளி எங்கே இருக்கிறது? சேரன்மகாதேவியில் கன்னி என்ற வேட்டை நாய் இனத்தைச் சேர்ந்த, சிட்டு என்ற ஒரு பயந்த நாயை நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக வளர்த்து வருகிறேன். இந்தக் காலத்தில் வாங்கிய பொருள்களையும் கடைப்பிடித்த முறைகளையும் பற்றி எழுதுகிறேன். இவற்றில் எதுவுமே தூரம் உதவிய அளவுக்கு உதவவில்லை.

சிட்டு கறுப்புக் கன்னி. கயத்தாறுப் பக்கம் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் ஏழெட்டு மாதம் வரை வளர்ந்தவள். ஒரு காவல்காரரையும் சில ஆடுகளையும் தவிர அவள் வேறு எதையும் பார்த்ததில்லை. நாய்க்குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் பருவம் மிகக் குறுகியது. ஏறத்தாழ 3-ஆவது வாரத்தில் தொடங்கி 12 அல்லது 14-ஆவது வாரத்தோடு அது முடிந்துவிடுகிறது. 14 வாரம் வரை மனிதப் பழக்கமே இல்லாமல் வளர்ந்த குட்டிகள் பிறகு மனிதரை அண்டவே அஞ்சியதை அமெரிக்காவில் ஃப்ரீட்மன் குழுவினர் 1961-இல் ஆய்வாக வெளியிட்டார்கள். சிட்டு வந்தபோது அந்தப் பருவம் எப்போதோ கடந்துவிட்டது. பைக் சத்தம் கேட்டால் தரையோடு படுத்துவிடுவாள். குடை விரித்தவர், கம்பு பிடித்தவர், தலைக்கவசம் போட்டவர் எதிரே வந்தால் பற்களைக் காட்டி எகிறுவாள். தெருநாய் கண்ணில் பட்டால் வீடு திரும்பிய பிறகும் நெடுநேரம் மூச்சிரைத்துக்கொண்டிருப்பாள். கோபக்கார நாய் என்று தெருவில் பேர் விழுந்தது. அந்தக் குரைப்பு முழுக்கப் பயம். "கிட்டே வராதே" என்று கெஞ்சுவதற்கு அவளிடம் இருந்த ஒரே வழி அது.

பயிற்சிக்கு முன்னால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நாங்கள் இராமையன்பட்டியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத்தான் போனோம். காதில் சீழ், பல்வலி, மூட்டுவலி, உண்ணிக் காய்ச்சல் என எது இருந்தாலும் நாய் தொட்டதற்கெல்லாம் சீறும். வலியில் இருக்கும் நாய்க்குப் பயிற்சி கொடுப்பது அதை வதைப்பது. வெறிநாய்த் தடுப்பூசியை ஆண்டு தவறாமல் போட்டுவிட வேண்டும். மிரளும் நாயை வைத்திருப்பவருக்கு அது ஊருக்குச் செய்ய வேண்டிய கடமை. எந்த நாய் கடித்தாலும், வீட்டு நாயே ஆனாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலில் போடும் ஊசி என்றால் முதல் நாள் (அதை 0 என்று எண்ண வேண்டும்), பிறகு 3, 7, 28-ஆவது நாள்கள் என்பது கணக்கு.

இனி முறை. இதன் வேர் நாயிடமிருந்து வரவில்லை, ஒரு சிறுவனிடமிருந்து வந்தது. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு அலறும் பீட்டர் என்ற குழந்தையின் பயத்தைப் போக்கியதைப் பற்றி எழுதினார். குழந்தை பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயல் கூண்டை அறையின் தொலைவான மூலையில் வைத்தார். குழந்தை கலங்காத அளவுக்கு மட்டும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கிக்கொண்டு வந்தார். கடைசியில் குழந்தை முயலைத் தொட்டு விளையாடியது. நூறு ஆண்டு கழித்து எங்கள் ஊர்க் கன்னடியன் கால்வாய்க் கரையில் நான் செய்வதும் இதேதான். முயலுக்குப் பதில் பைக், அவ்வளவே.

செய்முறையில் வரிசை முக்கியம். முதலில் பைக் கண்ணில் பட வேண்டும், அதன் பிறகுதான் ஈரல் துண்டு கைக்கு வர வேண்டும். பைக் போனதும் ஈரலும் நின்றுவிட வேண்டும். பைக் வருவதற்கு முன்பே ஈரலை நீட்டினால், "ஈரல் வந்தால் பின்னாலேயே ஆபத்து வரும்" என்று நாய் புரிந்துகொள்ளும். பிறகு ஈரலைக் கண்டாலே மிரளும். இந்த நுணுக்கத்தை யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம். நாங்கள் தூரத்தை மின்கம்பங்களால் அளந்தோம். எத்தனை கம்பத்துக்கு அப்பால் பைக் போனால் சிட்டு அதைப் பார்த்துவிட்டும் வாயில் போட்டதை மெல்லுகிறாளோ, அதுதான் அன்றைய எல்லை. ஈரலை வாங்க மறுத்தால் எல்லை தாண்டிவிட்டோம் என்று பொருள், அப்போதே திரும்பிவிட வேண்டும். அதற்கு முன்பே உடம்பு சொல்லிவிடும்: காரணமில்லாத கொட்டாவி, உதட்டை நக்குவது, ஒரு முன்னங்காலைத் தூக்கி நிற்பது, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பது, வால் வயிற்றுக்கடியில் ஒட்டுவது. இவற்றைப் படிக்கத் தெரிந்துவிட்டால் குரைப்பு வரை போகவே வேண்டியதில்லை.

தீனிக்கு உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஈரல்தான் எங்களுக்குச் சரிப்பட்டது, மணிலாக்கொட்டை அளவு போதும். அவித்த முட்டையும் சரிதான். கருவாட்டில் உப்பு அதிகம், தவிர்த்துவிட்டோம். வெங்காயம் சேர்ந்த எதுவும், திராட்சையும் நாய்க்கு நஞ்சு.

தூரம் என்று சொன்னேன், அந்தத் தூரம் நம் ஊரில் ஆண்டு முழுக்கக் கிடைப்பதில்லை. பிசானப் பருவ நெல் நட்டிருக்கும் மாதங்களில் இருபுறமும் சேறும் நாற்றும்தான் இருக்கும். நடப்பதற்குக் கரை ஒன்றே வழி. எதிரே பைக் வந்தால் ஒதுங்க இடமில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் முன்னேற்றத்தையே எதிர்பார்ப்பதில்லை. விடியுமுன் ஆளில்லாத நேரத்தில் ஒரு நடை, மற்றதெல்லாம் வீட்டுக்குள். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும்போதுதான் உண்மையான பயிற்சிக் காலம். கரையில் பைக் வருகிறதா, வரப்பில் இறங்கி நாலு வயல் தள்ளி நின்றுகொள்ளலாம். வெகுதூரத்தில் ஆட்டுக்கிடை, அதற்கும் அப்பால் வாத்து மேய்ப்பவர், எல்லாவற்றையும் சிட்டு பார்க்கலாம். எதுவும் அவளை நெருக்காது. ஒவ்வோர் ஆண்டும் அவள் தேறியது இந்த மாதங்களில்தான். கார்ப் பருவ நெல் அறுவடைக்குப் பிறகும் கொஞ்சநாள் கிடைக்கும், ஆனால் மழை விடாது. நகரத்துக்காரர்கள் பள்ளி விடுமுறையில் காலியாகக் கிடக்கும் மைதானத்தைத் தேடலாம். வழக்கமான தெருவில் தினமும் இழுத்துக்கொண்டு போய்ப் பழக்குகிறேன் என்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். அப்படிச் செய்தால் பயம் பழகாது, முற்றும்.

பொருள்களில் நான் முதலிடம் தருவது மார்ட்டிங்கேல் கழுத்துப்பட்டைக்கு. கன்னி, சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்களுக்குத் தலை கழுத்தைவிட ஒடுங்கியிருக்கும். சாதாரணப் பட்டையிலிருந்து பின்னுக்கு இழுத்தே தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். மிரண்டு ஓடிய நாய் நெடுஞ்சாலையில் ஏறினால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மார்ட்டிங்கேலில் இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும் ஒரு வளையம் உண்டு. நாயின் கழுத்தளவுக்குச் சரியாகப் பொருத்தினால் நெரிக்காது, உருவவும் விடாது. வீட்டுக்குள் கழற்றிவிட வேண்டும்; எங்காவது மாட்டிக்கொண்டால் ஆபத்து. எங்களிடம் இருப்பது துணிப்பட்டை, இன்னும் உழைக்கிறது.

மார்பு வாரில், அதாவது ஹார்னஸில், முன்புறம் ஒய் எழுத்து வடிவில் இருப்பதை வாங்குங்கள். மார்புக்குக் குறுக்கே ஒற்றைப் பட்டை போகும் வகை தோள் அசைவைத் தடுக்கிறது. ஒடுங்கிய இடுப்புள்ள நாய்களுக்கு வயிற்றோடு மூன்றாவது பட்டை உள்ள வகைதான் பத்திரம்.

நீளக்கயிறு இல்லாமல் வயலில் பயிற்சி இல்லை. நைலான் கயிறு கையை அறுத்துவிடும். கால்நடைச் சாமான் விற்கும் கடையில் பத்து மீட்டர் பருத்திக் கயிறு வாங்கி, நல்ல பித்தளைக் கொக்கி மாட்டினால் போதும். நனைந்தால் கனக்கும், காய வைக்க வேண்டும், மற்றபடி குறையில்லை. கயிற்றை மார்பு வாரில்தான் மாட்ட வேண்டும், கழுத்தில் கூடாது.

வாய்க்கூட்டைப் பற்றி நம் ஊரில் தப்பான எண்ணம் இருக்கிறது. அது கெட்ட நாயின் அடையாளம் இல்லை. கூடை போல் அமைந்த வாய்க்கூட்டில் நாய் வாயைத் திறந்து இரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், ஈரல்கூட வாங்கித் தின்னலாம். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகையைத் திருநெல்வேலி வெயிலில் மாட்டுவது உயிருக்கே ஆபத்து. நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் இரைப்பதன் மூலம்தான். சிட்டுவின் நீண்ட மூஞ்சிக்குக் கடையில் கிடைத்த அளவுகள் எதுவும் பொருந்தாமல், வேட்டை நாய்களுக்கென்று செய்ததை வரவழைத்தோம். அதற்குள் முட்டையைத் தடவி, அவளாக மூக்கை நுழைக்கும் வரை காத்திருந்தோம். இப்போது மருத்துவமனைக்குப் போகும்போது அதை எடுத்தாலே வாலை ஆட்டுகிறாள்.

காசு வீணானவையும் உண்டு. உடம்பை இறுக்கிப் பிடிக்கும் சட்டை நம் வெக்கைக்கு ஆகாது. நாய் சரியாகச் செய்ததும் 'டிக்' என்று அழுத்தி ஒலிக்கும் கிளிக்கரின் சத்தமே சிட்டுவை மிரட்டியது. அதற்குப் பதில் "சரி" என்ற ஒரே சொல்லை ஒரே குரலில் சொல்லிப் பழக்கினோம், அது போதுமானதாக இருந்தது. காசே செலவில்லாத ஒன்று இவற்றையெல்லாம்விட மேல்: பழைய சாக்கை விரித்து மடிப்புகளுக்குள் தீனியை ஒளிப்பது, சிரட்டைகளைக் கவிழ்த்து அடியில் வைப்பது. மோந்து தேடிக் கண்டுபிடிக்கும் நாய்க்கு நம்பிக்கை வளர்வதைக் கண்ணால் பார்க்கலாம். தொடக்கத்தில் சிரட்டை உருண்டாலே ஓடியவள், பிறகு தானே மூக்கால் உருட்டினாள்.

கழுத்தை நெரிக்கும் சங்கிலி, முள் பட்டை, மின்னதிர்ச்சிப் பட்டை ஆகியவற்றைப் பற்றி எனக்குச் சமரசமே கிடையாது. ஒரு பயிற்சியாளர் எங்கள் உறவுக்காரர் வீட்டு நாய்க்கு நெரிப்புச் சங்கிலி போட்டு ஒரு மாதத்தில் உறுமலை நிறுத்திக் காட்டினார். எல்லோரும் பாராட்டினார்கள். உறுமலைத்தான் நிறுத்தினார், பயம் அப்படியே இருந்தது. அந்த நாய் பிறகு எச்சரிக்கையே இல்லாமல் கடித்தது. உறுமல் என்பது நாய் நமக்குத் தரும் மரியாதை. அதைக் கேட்டு விலகினால் கடி விழாது. மின்னதிர்ச்சிப் பட்டையை வேல்ஸ் 2010-லேயே தடை செய்துவிட்டது. நாயைக் குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வாசலோரம் கட்டிப் போட்ட நாய் போகிறவர் வருகிறவர் எல்லோரையும் பகையாகவே கற்றுக்கொள்கிறது.

பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. உண்மையில்லை. பயம் ஓர் உணர்ச்சி, பரிசு கொடுத்து அதை வளர்க்க முடியாது. சிட்டு வந்து ஒட்டிக்கொண்டால் நான் கையை வைத்துக்கொண்டே இருப்பேன். அவளாக வர வேண்டும், அவளாக விலக வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாயைவிட அதிக நேரம் எடுத்தது அக்கம்பக்கம். "தொட்டுத் தடவினால்தானே பழகும், தாயி" என்று கையை நீட்டிக்கொண்டே வரும் ஆச்சிகளை எப்படித் தடுப்பது? டீக்கடை அண்ணாச்சியிடம், "நீங்கள் அவளைப் பார்க்கவே வேண்டாம் அண்ணாச்சி, ஈரலை மட்டும் தரையில் போட்டுவிட்டுத் திரும்பிக்கொள்ளுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். அவர் அதைச் சொன்னபடி செய்தார், மாதக்கணக்கில். இன்று சிட்டு வீட்டாரைத் தவிர முழு மனதாக நம்பும் மனிதர் அவர் ஒருவர். தெருப் பிள்ளைகள், "அக்கா, தொடலாமா?" என்று கேட்கப் பழகிவிட்டார்கள். "இன்று வேண்டாம்" என்றால் நிற்கிறார்கள். பெரியவர்களைவிட அவர்களுக்கு இது எளிதில் புரிகிறது.

கொடை விழாதான் இன்னும் தீராத சிக்கல். எங்கள் தெருக்கோடி மாடன் கோயில் கொடை என்றால் எனக்கும் உயிர். ஆனால் நள்ளிரவுச் சாமக்கொடைக்கு மகுடம் என்ற தோற்கருவியும் நையாண்டி மேளமும் சேர்ந்து ஒலிக்கும்போது அந்த அதிர்வு சுவர் வழியாக வருகிறது, நடுவே வேட்டு. கைபேசியில் மேளத்தை மெல்லிய ஒலியில் போட்டு ஈரல் கொடுத்துப் பழக்கினோம். அது நாதசுரத்துக்கு உதவியது, மகுடத்துக்கு உதவவில்லை. சிறிய ஒலிபெருக்கியில் அந்த அடித்தொனி வருவதே இல்லை. இடிக்கும் இதே கதைதான். அதனால் கொடைக்கு முதல்நாளே அவளை முக்கூடலில் அத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறோம். தீபாவளிக்கும் ஐப்பசி இடிக்கும் ஓடி ஒளிய முடியாது என்பதால் உள்ளறையில் கட்டிலுக்கடியில் பாய் விரித்து, ஜன்னலை அடைத்து, மின்விசிறியை வேகமாக ஓடவிட்டு, மருத்துவர் எழுதிய மாத்திரையைச் சத்தம் தொடங்குமுன் கொடுக்கிறோம். டிராசடோன், கபாபென்டின் போன்றவற்றில் எது, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஏசிபுரோமசின் மட்டும் தரச் சொன்னால் மறுகேள்வி கேளுங்கள். அது உடம்பைத்தான் அடக்கும், பயத்தைத் தணிக்காது. நாய் அசைய முடியாமல் கிடந்து அத்தனையையும் அனுபவிக்கும். வேட்டுச் சத்தம் கேட்ட மறுநாள் எந்தப் பயிற்சியும் வேண்டாம். ஒரு மிரட்சி வடியுமுன் இன்னொன்று சேர்ந்தால் சின்ன சத்தத்துக்கும் வெடித்துவிடுவாள்.

ஆட்டையும் மயிலையும் கண்டு சிட்டு பாய்வதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது முயல் விரட்டப் பிறந்த இனத்தின் வேட்கை, பயமே இல்லை. காது நிமிர்ந்து, உடம்பு முன்னோக்கி நீண்டு, சத்தமில்லாமல் கிளம்புவாள். அதற்கு ஈரல் போதாது. நீளக்கயிறுதான் காவல்; கயிறில்லாமல் அவளை அவிழ்த்துவிடும் எண்ணம் எனக்கு எப்போதும் இல்லை.

இன்றைய நிலவரம் இது. பைக்கைக் கண்டால் என் முகத்தைப் பார்க்கிறாள், "எங்கே ஈரல்?" என்று. குடையும் கம்பும் ஒரு வயல் தள்ளிப் போனால் பொருட்டே இல்லை. தெருநாய் ஒன்று நின்றால் சுற்றி நடந்து கடக்கிறோம். கூட்டமாக வந்தால் திரும்பிவிடுகிறோம். பேருந்து நிலையத்துக்கு அவளை அழைத்துப் போவதில்லை, இனியும் போவதாக இல்லை. அங்கே அவளுக்கு வேலையில்லை.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மார்ட்டிங்கேல் வாங்குங்கள். இரண்டு என்றால் கூடவே பருத்திக் கயிறு. இந்த மாசியில் பிசானம் அறுத்ததும் டீக்கடை அண்ணாச்சியின் மகன் தலைக்கவசத்தோடு வயலுக்கு வந்து நிற்க ஒப்புக்கொண்டிருக்கிறான். முதல்நாள் ஐந்து வயல் தள்ளி, கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு.