300 குதிரைத்திறன் ட்ரெய்லர்: இழுவை ஒரு பக்கம், பேட்டா ஒரு பக்கம்

மாதவரத்தில் பழைய டாரஸ் லாரி ஓட்டும் தம்பி ஒருவன், "அண்ணே, வண்டி பெருசு, பேட்டா சிறுசு, ஏறலாமா?" என்று கேட்டான். அவனுக்கு இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒரு ஷெட்டில், சென்னைத் துறைமுகத்திலிருந்து பெங்களூருக்குக் கன்டெய்னர் பெட்டி இழுக்க நான் ஓட்டுவதைப் போன்ற 55 டன், 300 குதிரைத்திறன் வண்டி தருகிறார்கள். மற்றொரு ஷெட்டில் அதே எடைக்கு 250 குதிரைத்திறன் கொண்ட, சில வருடம் அடிபட்ட வண்டி. ஆனால் பெங்களூர் நடைக்கு ஓட்டுநருக்குத் தரும் பேட்டா 400 ரூபாய் கூடுதல். என் வண்டி ஒர்க்‌ஷாப்பில் படுத்து எழுந்து வந்த வாரத்தில் இந்தக் கேள்வி வந்ததால், பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

வண்டியின் நெற்றியில் எழுதியிருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு மொத்த எடையையும், அடுத்த இரண்டு, பத்தால் பெருக்கினால், குதிரைத்திறனையும் குறிக்கும் என்பது கிளீனர் பையனுக்கும் தெரியும். அந்தக் குதிரைகள் எப்போது வேலை செய்கின்றன என்பதைத்தான் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. சமதரையில் முழு லோடோடு 65 கி.மீ. வேகத்தில் ஓடுவதற்கு அந்த 300-ல் பாதிகூடத் தேவைப்படாது. அவை முழுவதும் தோள் கொடுப்பது ஏற்றத்தில்தான். எங்கள் பாதையில் அப்படிச் சொல்லத்தக்க ஏற்றம் கிருஷ்ணகிரி தாண்டி, மேலுமலையில் தொடங்கி ஓசூர் வரை விட்டுவிட்டு வருகிறது. துறைமுகத்தில் கடல் மட்டத்தில் புறப்படும் பெட்டி 900 மீட்டருக்கு மேலிருக்கும் பெங்களூரில் போய் இறங்க வேண்டும். அந்த உயரத்தில் ஏறக்குறைய பாதி கடைசி நூறு கிலோமீட்டரில்தான் காத்திருக்கிறது.

இந்த இடத்தில் வண்டியைப் புகழாமல் இருக்க முடியாது. முன்பு நான் ஓட்டிய சிறிய இன்ஜினில், மேலுமலை அடிவாரத்திலேயே கியரை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கி, கிளச்சை மிதித்து மிதித்து, இடது முழங்கால் ஓசூரில் தனியாக வந்து இறங்கும். இந்த வண்டி ஒரு கியரைப் பிடித்துக்கொண்டால் அதை விடுவதில்லை. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே முறுக்குவிசை முழுதாக இருப்பதால் ஆக்சிலரேட்டரில் கால் வைத்தபடி உட்கார்ந்திருந்தால் போதும். திரும்பி இறங்கும்போது, புகையை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் விதமும் அப்படித்தான். பிரேக் டிரம் காய்ந்து புகையும் நாற்றத்தை இந்த வண்டிக்கு வந்த பிறகு நான் முகர்ந்ததில்லை.

ஆனால் நேரக் கணக்கு வேறு. நூறு மீட்டருக்கு நான்கு மீட்டர் உயரும் ஏற்றத்தில், 55 டன்னோடு 300 குதிரைத்திறன் வண்டி மணிக்கு 27, 28 கி.மீ. வேகத்தில் ஏறினால், 250 குதிரைத்திறன் வண்டி 23-ல் ஏறும். அப்படிப்பட்ட ஏற்றம் மொத்தமாக 10 கி.மீ. இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும் மிச்சம் நான்கு நிமிடம். ஒரு டீ ஆறுவதற்குக்கூட அது காணாது.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். சரக்கு வண்டிக்கு நெடுஞ்சாலையில் சட்டம் விதித்த உச்சம் 80 கி.மீ. எங்கள் ஷெட்டில் அதை 65-க்கு இறக்கி வைத்திருக்கிறார்கள். முள் 65-ஐத் தொட்டதும் டேஷ்போர்டுக்குள்ளிருந்து ஒரு பீப்பி கத்தும். அதே நொடியில் ஜி.பி.எஸ். வழியாக அலுவலகத்துக்குச் செய்தி போகும். மாதக் கடைசியில் அந்தச் செய்திகளை எண்ணி மைலேஜ் இன்சென்டிவில் கழிப்பார்கள். வேலூர்ப் பக்கம் லேசான சரிவில் வண்டி தன் எடையாலேயே 66-க்குப் போனாலும் கத்தும். காவேரிப்பாக்கம் அருகே, சாலை இரண்டிரண்டு தடமாக ஓடும் இடத்தில், 62-ல் போகும் சிமென்ட் லாரி ஒன்றை முந்தப் பாருங்கள்: இரண்டு வண்டியின் நீளமும் இடைவெளியும் சேர்ந்து 60 மீட்டரை மூன்று கி.மீ. வித்தியாசத்தில் கடக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல், ஏறக்குறைய ஒன்றேகால் கிலோமீட்டர் தூரத்துக்கு இரண்டு வண்டியும் தோளோடு தோளாக ஓடும். பின்னால் ஆம்னி பஸ்காரர் ஏர் ஹாரனில் என் பரம்பரையையே விசாரிப்பார். காலடியில் 300 குதிரை நிற்கிறது, ஆனால் லகான் அலுவலகத்தில் இருக்கிறது.

நியாயத்தைச் சொல்வதானால், முதலாளி பக்கமும் கணக்கு உண்டு. 65-லிருந்து 80-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்காகிவிடுகிறது. லிட்டருக்கு 3 கி.மீ. கொடுக்கும் வண்டி 2.7 கொடுத்தால், 350 கி.மீ. நடைக்கு ஏறத்தாழ 13 லிட்டர் கூடுதல். டீசல் 90 ரூபாய்க்கு மேல் விற்கையில் அது ஆயிரம் ரூபாயைத் தாண்டும். புது வண்டிக்கு மாதம் பிறந்தால் டியூ கட்ட வேண்டும். டயர் தேய்மானம் இருக்கிறது. விபத்து நடந்தால் அவர்தான் நிற்க வேண்டும். வேகத்தைக் கட்டியதில் எனக்கும் உயிர்ப் பாதுகாப்பு உண்டு என்பதை மறுக்கவில்லை. என் வழக்கு வேறு: மிச்சமாகும் டீசல் அவருடையது, அதை மிச்சப்படுத்த நான் ஸ்டீயரிங்கில் கூடுதலாக உட்காரும் ஒரு மணி நேரம் யாருடையது?

பழுது விஷயம் இதைத் தெளிவாக்கியது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் புகைக்குழாயில் உள்ள சென்சார் கெட்டாலோ, புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியாக் கரைசல் தீர்ந்தாலோ இன்ஜின் தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆம்பூர் தாண்டியதும் மஞ்சள் விளக்கு எரிந்தது; அதற்குப் பிறகு வண்டி வண்டியாக இல்லை. மேலுமலையில் பழைய டாரஸ்கள்கூட என்னைத் தாண்டிப் போயின. நள்ளிரவுக்கு முன் சேர வேண்டிய நான் விடியற்காலையில் ஒயிட்ஃபீல்டு போய்ச் சேர்ந்தேன். நடந்தது என்ன? ஒன்றும் இல்லை. பெட்டி இறக்கும் இடத்தில் கேட் திறப்பதே காலையில்தான். பேட்டா அதே பேட்டா. ஒரு ரூபாய் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. 300 குதிரையும் ஓடிய நடைக்கு என்ன கூலியோ, அவை படுத்துக்கிடந்த நடைக்கும் அதே கூலிதான்.

நேரம் உண்மையில் போவது சாலையில் அல்ல, சென்னைக்குள். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி வரிசை நிற்கும் இரவுகளில், கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு, இரண்டு வண்டி நகர்ந்தால் நாமும் நகர்வது என்று மணிக்கணக்கில் போகும். துறைமுகத்துக்கும் மதுரவாயலுக்கும் இடையிலான பறக்கும் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டி, 2012-ல் வேலை நின்று, 2022 மே மாதத்தில் மீண்டும் அடிக்கல் நாட்டினார்கள். அந்த 20 கி.மீ. சாலை தரும் வேகத்தை எந்த இன்ஜினும் தராது. இந்தக் காத்திருப்புக்குப் பெயர் ஹால்ட்டிங். சரக்குக்கார பார்ட்டியிடம் அதற்குத் தனிப் பில் போகிறது. ஓட்டுநரிடம் வரும்போது அது பெரும்பாலும் வழியிலேயே கரைந்துவிடுகிறது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வேலை நேரத்தை வரையறுத்தபோது, முனையத்தில் சும்மா காத்திருக்கும் நேரம் 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் மட்டுமே கணக்கில் சேர்த்தது. ஐந்து மணி நேரம் நிற்பவனைப் பற்றி அந்த வரி எழுதியவர் யோசிக்கவில்லை போலும்.

ஆகையால் தம்பிக்கு என் பதில்: 250 வண்டிக்கே போ. மேலுமலையில் தோற்கும் நான்கு நிமிடத்துக்கு 400 ரூபாய் கிடைக்கிறதென்றால், அது இந்தத் தொழிலில் யாரும் தராத கூலி. ஆனால் ஏறுவதற்கு முன் மூன்றைக் கேட்டுக்கொள்: மைலேஜை லிட்டருக்கு எவ்வளவு என்று பிடிக்கிறார்கள், பீப்பியை எத்தனையில் வைத்திருக்கிறார்கள், ஹால்ட்டிங் காசில் உன் பங்கு என்ன. மூன்றாவதை வாய்ப்பேச்சில் விடாதே. ட்ரிப் ஷீட்டில் எழுதச் சொல்.

"அப்படியானால் நீங்களும் அங்கேயே வரலாமே" என்று அவன் கேட்டால் என்னிடம் கணக்கு எதுவும் இல்லை. சென்சார் மாற்றி வண்டி வெளியே வந்ததும் கிடைத்த முதல் லோடில், இரண்டு இருபதடிப் பெட்டியோடு மேலுமலையில் கியர் மாற்றாமல் ஏறினேன். மறுநாள் முதலாளி, "வேற வண்டிக்கு மாறிக்கிறியா?" என்று கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டேன். பீப்பியை 70-க்காவது ஏற்றச் சொல்லி இன்னும் சண்டை நடந்துகொண்டிருக்கிறது.