14 பேர் தேவையென்றால் 20 பேர் வேண்டும்: ஒரு பணி அட்டவணை மென்பொருளின் மதிப்பீடு

வாடிக்கையாளர் அழைப்புகளை ஏற்கும் ஒரு பிரிவில் ஷிப்ட் அட்டவணை போடுவது என் பொறுப்பு. பல ஆண்டுகளாக எக்செல் தாளில் செய்துவந்த அந்த வேலையை, ஆள்தேவைக் கணிப்பு, ஷிப்ட் ஒதுக்கீடு, ஆள்சேர்ப்பு ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் முடித்துத் தருவதாகச் சொல்லும் ஒரு சந்தா மென்பொருளுக்கு மாற்றி 14 மாதங்கள் ஆகின்றன. மூன்று பகுதிகளும் ஒரே தரத்தில் அமையவில்லை. குறைகளையும் எழுதப்போவதால் தயாரிப்பின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இவ்வகை மென்பொருளை வாங்க எண்ணுபவர்கள் எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே இங்கு முக்கியம்.

கணிப்புப் பகுதி எனக்கு முழு நிறைவைத் தந்தது. அதன் அடித்தளம், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய டென்மார்க் கணிதவியலாளர் ஏ. கே. எர்லாங் 1917-இல் வெளியிட்ட சூத்திரம். அரை மணி நேரத்தில் 100 அழைப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றையும் முடிக்கச் சராசரியாக 3 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்த வேலை 300 நிமிடம். ஆகவே 10 பேர் போதும் என்றுதான் மனக்கணக்கு சொல்லும். ஆனால் அழைப்புகள் ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று ஒழுங்காக வருவதில்லை என்பதால், 10 பேரை மட்டும் அமர்த்தினால் காத்திருப்போர் வரிசை வளர்ந்துகொண்டே போகும். 11 பேர் இருந்தால் 20 விநாடிக்குள் எடுக்கப்படும் அழைப்புகள் ஏறத்தாழ 39 சதவீதம். 12 பேர் என்றால் 64. 13 பேர் என்றால் 80-ஐத் தொட்டும் தொடாமலும் நிற்கும். 14 பேர் என்றால் 89. இந்த ஏற்றத்தை மென்பொருள் ஒரே வரைபடமாகக் காட்டுகிறது. ஒருவர் வராமற்போனால் பிரிவு முழுவதும் ஏன் திணறுகிறது என்பதை மேலதிகாரிகளுக்குப் புரியவைக்க நான் எத்தனையோ முறை முயன்று தோற்றிருக்கிறேன். அந்த வரைபடத்தைப் பார்த்த அன்றே அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்த படியில்தான் என் பழைய எக்செல் தாள் தவறிக்கொண்டிருந்தது. விடுப்பு, பயிற்சி, கூட்டம், இடைவேளை என்று சம்பள நேரத்தில் 30 சதவீதம் அழைப்பு ஏற்காமலே கழிகிறது என்றால் (இத்துறையில் இதை ஷ்ரிங்கேஜ் என்பார்கள்), அழைப்பேற்க 14 பேர் தேவைப்படும் நேரத்துக்கு 14-உடன் அதன் 30 சதவீதத்தைக் கூட்டி 18 அல்லது 19 என்று நான் கணக்கிட்டுவந்தேன். சரியான முறை 14-ஐ 0.7-ஆல் வகுப்பது, விடை 20. இந்த இடைவெளியை மிகைநேர வேலையைக் கொண்டே இத்தனை காலம் நிரப்பியிருக்கிறோம் என்பது எனக்கு வருத்தம் தந்த செய்தி, ஏனெனில் அதைச் சுமந்தவர்கள் என் கணக்கை நம்பிய பணியாளர்கள். ஒரு குறையையும் சொல்ல வேண்டும். எர்லாங்கின் சூத்திரம், காத்திருப்பவர் எவரும் இணைப்பைத் துண்டிக்கமாட்டார் என்று எடுத்துக்கொள்வதால், நெரிசலான நாட்களில் தேவையைச் சற்று மிகைப்படுத்தும். துண்டிப்போரையும் கணக்கில் சேர்க்கும் வசதி இம்மென்பொருளில் உண்டு என்றாலும் அது அணைக்கப்பட்ட நிலையிலேயே வருகிறது. நாங்கள் கண்டுபிடிக்க மூன்று மாதங்கள் ஆயின.

ஷிப்ட் ஒதுக்கீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் இங்கேதான் இக்கருவி பெரும் தீங்கையும் பெரும் நன்மையையும் செய்யக்கூடியதாக இருக்கிறது. எங்கள் அழைப்புகள் காலையிலும் மாலையிலும் உச்சம் தொடும். முதல் மாதத்தில் மென்பொருள் தானாக உருவாக்கிய அட்டவணை, பலரைக் காலையில் நான்கு மணி நேரமும், இடையில் ஐந்து மணி நேரம் சம்பளமின்றிக் கழித்த பின் மாலையில் நான்கு மணி நேரமும் பணியில் அமர்த்தியது. எண்களின்படி அது குறையற்ற அட்டவணை. மனிதர்களுக்கோ முழு நாளையும் விழுங்கும் வேலை. இரண்டு ஷிப்ட்களுக்கு இடையிலான குறைந்தபட்ச ஓய்வும் 8 மணி நேரம் என்றே முன்கூட்டி அமைக்கப்பட்டிருந்தது. வீட்டுக்குப் போய்த் திரும்பும் பயணத்தைக் கழித்தால் தூங்குவதற்கு என்ன மிஞ்சும்? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு வேலைநேர நெறிமுறை, ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வைக் கோருகிறது. அதையே அளவாகக் கொண்டு அமைப்பை மாற்றினோம், இப்படி நாளை இரண்டாகப் பிரிக்கும் பிளவு ஷிப்ட்களை விரும்பிக் கேட்பவர்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தினோம். விலக்க வேண்டியவற்றை நாம் சொல்லித் தராதவரை மென்பொருள் எதையும் விலக்காது. எனவே முன்னமைவுகளைப் படிக்காமல் முதல் அட்டவணையை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்தத் திருத்தங்களுக்குப் பிறகு, எங்கள் பிரிவில் உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தது ஷிப்ட் பரிமாற்ற வசதி. ஒரே திறன் கொண்ட இருவர் தங்கள் ஷிப்ட்களைக் கைபேசியிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஓய்வு விதியும் ஆள் எண்ணிக்கையும் குலையாத வரை மேலாளரின் ஒப்புதல் தேவையில்லை என்று அமைத்துக்கொள்ளலாம். குழந்தையைப் பள்ளியில் விடுவதற்கும் முதிய பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்கும் பணியாளர்கள் என்னிடம் வந்து தயங்கி நின்ற காட்சி அநேகமாக மறைந்துவிட்டது. அட்டவணையை நான்கு வாரங்களுக்கு முன்பே வெளியிடவும் முடிகிறது. வாரத்தில் சில நாட்கள் வீட்டிலிருந்து பணிபுரிவோரையும் இதே அட்டவணையில் இருப்பிடக் குறியோடு சேர்க்கலாம். நெகிழ்வு கொடுத்தால் வேலை கெட்டுவிடும் என்று அஞ்சுவோருக்கு ஒரு சான்று: டிரிப்.காம் என்ற பயண முன்பதிவு நிறுவனத்தில் 1,612 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2024-இல் நேச்சர் ஆய்விதழில் வெளியான சோதனையில், வாரம் இரண்டு நாட்கள் வீட்டிலிருந்து பணிபுரிந்தோரிடையே வேலையை விட்டு விலகுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பணித்திறன் மதிப்பீட்டில் பின்னடைவு காணப்படவில்லை.

விலகுவது குறைந்தால் ஆள்சேர்ப்பின் சுமையும் குறையும். ஆனால் அந்தத் தொடர்பை மென்பொருளின் மூன்றாம் பகுதி கண்டுகொள்ளவே இல்லை. எங்களிடம் விளம்பரம் தருவதிலிருந்து புதியவர் ஒருவர் தனியாக அழைப்பு ஏற்கும் நாள் வரை ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். ஆகவே மூன்று மாதங்களுக்குப் பின் எத்தனை இருக்கைகள் காலியாக இருக்கும் என்பதே ஆள்சேர்ப்பின் தொடக்கப் புள்ளியாக இருக்க வேண்டும். கணிப்புப் பகுதியில் அந்த எண் இருக்கிறது, ஆள்சேர்ப்புப் பகுதிக்கு அது வந்து சேர்வதில்லை. நான்தான் மாதந்தோறும் கையால் எடுத்து எழுதுகிறேன்.

அப்பகுதியின் சிறப்பாக விற்பனையாளர் முன்வைத்தது விண்ணப்பங்களுக்குத் தானாக மதிப்பெண் இடும் வசதி. எந்த அடிப்படையில் மதிப்பெண் அமைகிறது என்று கேட்டபோது, முன்பு தேர்வானவர்களின் தரவிலிருந்து கற்றுக்கொள்கிறது என்பதைத் தாண்டி விளக்கம் கிடைக்கவில்லை. பழைய தேர்வுகளில் இருந்த சாய்வை இவ்வகைக் கருவி அப்படியே பிடித்துக்கொள்ளும் என்பது அறியப்பட்ட ஆபத்து. அமேசான் சோதித்துப் பார்த்துக் கைவிட்ட ஒரு கருவி, பெண்களைக் குறிக்கும் சொல் இடம்பெற்ற விண்ணப்பங்களுக்குக் குறைந்த மதிப்பெண் தந்ததாக 2018-இல் செய்தி வெளியானது. மூன்று மாதங்களில் அவ்வசதியை நிறுத்திவிட்டு, எல்லா விண்ணப்பதாரருக்கும் ஒரே கேள்விகள், ஒரே மதிப்பெண் அளவுகோல் என்ற கட்டமைக்கப்பட்ட நேர்காணலுக்குத் திரும்பினோம். தேர்வு முறைகள் குறித்த ஆய்வுகளை மறுபரிசீலனை செய்து 2022-இல் வெளியான பகுப்பாய்விலும், பணித்திறனை முன்கூட்டிக் காட்டுவதில் முதலிடம் பெற்றது இவ்வகை நேர்காணல்தான். நேர்காணல் நேரங்களை விண்ணப்பதாரரே தேர்ந்தெடுக்கும் நாட்காட்டி மட்டும் பயனுள்ளது. அதை இன்னும் வைத்திருக்கிறோம்.

அறிக்கைகள் போதுமானவை. கைபேசிச் செயலி சில நேரம் அறிவிப்புகளைத் தாமதமாக அனுப்புகிறது.

சந்தாவைப் புதுப்பித்தபோது கணிப்பையும் ஷிப்ட் ஒதுக்கீட்டையும் வைத்துக்கொண்டோம். ஆள்சேர்ப்புப் பகுதியில் நாட்காட்டியைத் தவிர மற்றவற்றை விட்டுவிட்டோம். மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டிருக்கும் திருத்தம் ஒன்று நிலுவையில் உள்ளது: ஒருவரின் விடுப்புக் கோரிக்கை மறுக்கப்படும்போது, "அனுமதிக்கப்படவில்லை" என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக, எந்த அரை மணி நேரத்தில் எத்தனை பேர் குறைகிறார்கள், எந்த நேரம் கேட்டால் கிடைக்கும் என்பதையும் அவருக்குக் காட்ட வேண்டும். அது வரும்வரை, மறுப்பு ஒவ்வொன்றுக்கும் நானே நேரில் சென்று காரணத்தைச் சொல்லிவருகிறேன்.