வேகன் ஆர், ஐ10, டியாகோ: கடலூர்–புதுச்சேரியில் பழைய கார் வாங்கும் கணக்கு

இரண்டரையிலிருந்து மூன்றரை லட்சத்துக்குள் கார் தேடினால் கடலூரிலும் புதுச்சேரியிலும் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது நான்கு வண்டிகள்தான்: 2010-க்குப் பிறகு வந்த மாருதி வேகன் ஆர், ஹூண்டாய் ஐ10 அல்லது அதன் அண்ணன் கிராண்ட் ஐ10, டாடா டியாகோ, மாருதி ஸ்விஃப்ட். பார்க்க வருகிறவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி "மைலேஜ் எவ்வளவு?" என்பதுதான். இந்த விலை வண்டிக்கு அதை நாலாவது கேள்வியாக வைத்துக்கொள்ளலாம்.

மாதம் 800 கி.மீ. ஓட்டினால் வருடத்துக்கு 9,600 கி.மீ. லிட்டருக்கு 14 கொடுக்கும் வண்டி 686 லிட்டர் குடிக்கும். 16 கொடுப்பது 600 லிட்டர். பெட்ரோல் நூறு ரூபாய் என்று வைத்தால் வித்தியாசம் வருடத்துக்கு 8,600 ரூபாய், மாதம் எழுநூறு சொச்சம். உப்புக்காற்றில் அரித்துப்போன ஏசி கண்டென்சரை மாற்றி கேஸ் ஏற்றினால் அந்த மிச்சத்தின் பெரும்பகுதி ஒரே பில்லில் காலி. கம்பெனி சொன்ன எண்களையும் (வேகன் ஆர் 20.51, கிராண்ட் ஐ10 18.9, டியாகோ 23.84) அப்படியே நம்ப வேண்டாம். அவை சோதனைக்கூடத்து அளவுகள். ஏசி போட்டு ஊருக்குள் ஓட்டினால் நான்குமே 12–15 என்ற எல்லைக்குள் வந்து நிற்கும். ஈசிஆரில் நிதானமாகப் போனால் 17–18 எடுக்கலாம்.

எல்லை தாண்டிப் பெட்ரோல் போடும் யோசனைக்கும் இதே பதில். புதுச்சேரியில் வரி குறைவு, லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம், உண்மைதான். ஐந்து ரூபாய் என்றே வைத்தாலும் 30 லிட்டருக்கு 150 ரூபாய். மஞ்சக்குப்பத்திலிருந்து அதற்கென்றே முள்ளோடை போய்த் திரும்பினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் எரிந்துவிடும். வேலைக்குப் போகிற வழி என்றால் மட்டும் லாபம்.

இனி வண்டிகள். வேகன் ஆரில் 2010 முதல் 2018 வரை வந்ததில் இருப்பது கே10பி இன்ஜின்: 998 சிசி, மூன்று சிலிண்டர், டைமிங் செயின் (இன்ஜினுக்குள் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் சங்கிலி). ஆயில் நேரத்துக்கு மாற்றிய இன்ஜின் என்றால் லட்சம் கி.மீ. தாண்டியதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. தேய்வது எல்லாம் கீழே சஸ்பென்ஷனில்தான்: லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுண்ட். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது கண்ணாடியை இறக்கிக் கேளுங்கள். "டொக்" என்ற சத்தம் எந்தச் சக்கரத்தில் வருகிறதென்று தெரிந்துவிடும். ஐடிலில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, நடுக்கம் அதிகமாக இருந்தால் இன்ஜின் மவுண்ட் ரப்பர் போயிருக்கும். மூன்று சிலிண்டருக்கே கொஞ்சம் நடுக்கம் உண்டு, ஆனால் கியர் கம்பி ஆடுகிற அளவுக்கு இருக்கக் கூடாது. எந்தத் தெருமுனை மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார், பாகம் அன்றே கிடைக்கும். முட்டி வலி உள்ள அப்பா அம்மா ஏறி இறங்க இந்த நான்கில் இதுதான் வசதி. குறை என்றால் உயரம்: பக்கக்காற்றில் நெடுஞ்சாலையில் கொஞ்சம் அலைபாயும். இன்னொரு குறை, விற்பவருக்கும் இதன் மவுசு தெரியும், விலையில் இறங்க மாட்டார்.

ஐ10 வாங்கும்போது எந்த ஐ10 என்று பார்க்காமல் வாங்குவதுதான் சிக்கல். வெளியில் ஒரே உருவம், உள்ளே இரண்டு இன்ஜின். 1.1 என்றால் 1086 சிசி, செயினுக்குப் பதில் டைமிங் பெல்ட். 1.2 கப்பா என்றால் 1197 சிசி, செயின். ஆர்சியில் சிசி எண்ணைப் பார்த்தாலே தெரியும். பெல்ட் என்பது ரப்பர், கி.மீ. குறைவாக ஓடியிருந்தாலும் வயதானால் வெடிப்பு விடும். ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி வால்வு வளையும், இன்ஜின் ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். அதனால் 1.1 வாங்கினால், பெல்ட் மாற்றிய பில் இல்லாதபட்சத்தில், முதல் வாரமே பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பம்பைத் தனியாக விட்டுவைத்தால், பிறகு அது ஒழுகும்போது அதே வேலைக்கு மறுபடி கூலி கொடுக்க வேண்டும். விலை பேசும்போதே இதைக் கழித்துக்கொள்ளலாம்.

ஐ10-லும் கிராண்ட் ஐ10-லும் இன்னொன்று. வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓடும்போது ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிதாக ஆட்டிப் பாருங்கள். "டக் டக்" என்றால் பவர் ஸ்டீயரிங் மோட்டாருக்குள் இருக்கும் சிறு ரப்பர் கப்ளிங் பொடிந்திருக்கலாம். அது மலிவான பாகம், கூலிதான் அதிகம். ஆனால் சில இடங்களில் ஸ்டீயரிங் தண்டு (column) முழுவதையும் மாற்றச் சொல்வார்கள். கப்ளிங்கை மட்டும் மாற்றித் தருபவரைத் தேடிப் போங்கள்.

சிசி கணக்கு இன்சூரன்ஸிலும் கடிக்கும். 2022 ஜூனில் நிர்ணயித்த தெர்ட் பார்ட்டி கட்டணப்படி 1000 சிசி வரை 2,094 ரூபாய், அதற்கு மேல் 1500 வரை 3,416, ஜிஎஸ்டி தனி. 998 சிசி வேகன் ஆர் மயிரிழையில் கீழே நிற்கிறது, 1086 சிசி ஐ10 மேலே போய்விடுகிறது. வரியோடு வருடத்துக்கு 1,560 ரூபாய் வித்தியாசம்.

டியாகோ 2016-ல் வந்தது; 1199 சிசி, மூன்று சிலிண்டர். பழைய சந்தையில் மாருதியைவிட வேகமாக விலை இறங்குவதால், 2013 வேகன் ஆருக்குக் கேட்கும் பணத்தில் மூன்று நான்கு வருடம் புதிய டியாகோ கிடைக்க வாய்ப்பு உண்டு. உடம்பு கனம், நெடுஞ்சாலையில் ஆட்டம் குறைவு. 2020 ஜனவரியில் வெளியான குளோபல் என்கேப் மோதல் சோதனை முடிவில் டியாகோவுக்கு 4 நட்சத்திரம்; 2014-ல் ஏர்பேக் இல்லாத ஐ10-க்குப் பூஜ்யம். கிளட்ச் கனத்தால் இடது கால் வலிக்கும், சில பாகங்களுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் தினமும் போய்வருகிறவர்களுக்கு எங்கள் ஓட்டு இதற்குத்தான். ஊருக்குள் மட்டும் ஓடும் குடும்பத்துக்கு வேகன் ஆர்.

ஸ்விஃப்ட் நல்ல வண்டி, ஆனால் இந்தப் பணத்துக்கு வருவது அதிகம் அடிபட்டதாகவே இருக்கும். டீசல் ஸ்விஃப்ட் மாதம் 1,500 கி.மீ.க்குக் குறைவாக ஓட்டுபவருக்கு வேண்டாம். இன்ஜெக்டர், டர்போ இரண்டில் ஒன்று கைவிட்டால் போதும், எரிபொருளில் மிச்சம் பிடித்தது எல்லாம் போச்சு.

எந்த மாடலானாலும், இங்கே வண்டியைத் தீர்மானிப்பது அது நின்ற இடம். தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், வைத்திக்குப்பம் பக்கம் பத்து வருடம் வெளியில் நின்ற வண்டிக்கும், நெய்வேலியில் ஷெட்டில் நின்ற வண்டிக்கும் கி.மீ. ஒன்றாக இருந்தாலும் உடம்பு ஒன்றல்ல. கதவைத் திறந்து அடி மடிப்பில் விரலை ஓட்டுங்கள். பெயின்ட் கொப்புளம் தட்டுப்பட்டால் உள்ளே துரு ஏற்கெனவே வேலையைத் தொடங்கிவிட்டது. கதவின் கீழ் ஓரத்தில் நீர் வடியும் சிறு துளைகள் இருக்கும். மணலால் அடைத்திருந்தால் கதவு உள்ளிருந்தே அழுகும். பிறகு வீல் ஆர்ச் உள்பக்கம், ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம், சைலன்ஸர் இணைப்பு. பட்டி பூசியிருக்கிறதா என்று பார்க்கச் சின்னக் காந்தம் போதும். ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது என்று அர்த்தம். அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். துருவின் மேல் அடித்த கோட்டிங் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்து மிச்சத்தையும் தின்னும்.

அடுத்தது வெள்ளம். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை கடலூர்ப் பக்கம் கரைபுரண்டது. தண்ணீரில் நின்ற வண்டிகளைக் கழுவித் துடைத்து விற்பனைக்கு விட்டிருப்பார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள்: வழக்கமாகச் சுருளுக்குள் இருக்கும் பகுதியில் சேற்றுக்கோடு தெரிந்தால் அந்த வண்டி வேண்டாம். சீட்டைப் பின்னால் தள்ளி, அது நகரும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பாருங்கள், கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பாருங்கள். ஃப்யூஸ் பாக்ஸ் கனெக்டரில் பச்சை படிந்திருந்தால் இன்று ஓடும், ஆறு மாதத்தில் எங்கே எந்த விளக்கு எரியும் என்று சொல்ல முடியாது. பழைய பாலிசியையும் கேளுங்கள். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) திடீரென்று பூஜ்யமாகியிருந்தால் அந்தப் பாலிசிக்கு முந்தைய வருடம் கிளெய்ம் போயிருக்கலாம். எதற்கு என்று கேட்க வேண்டும்.

கடைசியாக நம்பர் பிளேட், இந்தப் பகுதிக்கே உரிய தலைவலி. ஒரே மாடல், ஒரே வருடம், பிஒய்-01 வண்டி டிஎன்-31 வண்டியைவிட மலிவாகத் தெரியும். புதுச்சேரி முகவரி உள்ளவர் வாங்கினால் அது நிஜமான மலிவு. கடலூர்க்காரருக்கு அப்படியில்லை. 12 மாதத்துக்கு மேல் இங்கேயே ஓட்டினால் தமிழ்நாட்டுப் பதிவு எண் வாங்கியாக வேண்டும். அதற்குப் புதுச்சேரியிலிருந்து படிவம் 28-ல் என்ஓசி (தடையில்லாச் சான்று), பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, லோன் இருந்திருந்தால் பேங்க் என்ஓசியோடு படிவம் 35, இவற்றோடு வண்டி வயதுக்கேற்ற வாழ்நாள் வரி. அந்த வரியே ஐந்திலக்கத்தில் வரலாம். ஆர்டிஓ அலுவலகத்தில் தொகையைக் கேட்டுவிட்டு, பிறகு விலை பேசுங்கள். என்ஓசி விற்பவர் கையில் வரும் வரை முழுப்பணம் கொடுக்க வேண்டாம். நிலுவை சலானில் மாட்டி மாதக்கணக்கில் இழுப்பது வழக்கம்.

ஆர்சியின் ஆயுள் 15 வருடம். 2012-ல் பதிந்த வண்டி 2027-ல் புதுப்பிப்புக்கு வரும். அப்போது வண்டி தகுதிச் சோதனையில் நிற்க வேண்டும், கட்டணம் மட்டும் 5,000 ரூபாய். டிங்கரிங், பெயின்ட், டயர் செலவு அதற்கு மேல். 2012, 2014 வண்டிகளுக்கிடையே 20,000 ரூபாய்தான் வித்தியாசம் என்றால் 2014-ஐ எடுங்கள்.

வாங்கிய கையோடு ஆயில், எல்லா ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில், ஸ்பார்க் பிளக் (வேகன் ஆருக்கும் டியாகோவுக்கும் மூன்று, ஐ10-க்கு நான்கு) மாற்றவும், டயர், பேட்டரி பார்க்கவும் 25,000–30,000 தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியில் வண்டி தேடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1819 என்றால் 2019-ன் 18-வது வாரம். பூ நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய ரப்பர் வெயிலில் வெடிப்பு விட்டிருக்கும். இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாள்தான் அவகாசம். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத் தொகையைக் கம்பெனி உங்களிடம் கேட்கும்.